பொருத்தம் பார்ப்பவர்களுக்குச் சில கேள்விகள்

கூடைப்பந்து வீரர் ஒருவர் ஓர் அணியை விட்டு மற்றோர் அணிக்குச் செல்லும்போதெல்லாம் நம்மிடையே ஒரு தீர்ப்பு பிறக்கிறது. "ஆட்டம் நல்ல ஆட்டந்தான்; ஆனால் அந்த அணிக்கும் அந்தப் பயிற்சியாளருக்கும் அவர் பொருந்தமாட்டார்." பெங்களூர்க் கண்டீரவா உள்ளரங்கின் படிக்கட்டுகளில் இதைக் கேட்கலாம். சென்னை நேரு விளையாட்டரங்கின் வாயிலிலும் கேட்கலாம். இந்திய வீரர் ஒருவர் வெளிநாட்டு அணியொன்றில் சேர்ந்த செய்தி வந்தால் கேட்கவே வேண்டாம். அவர் விமானம் ஏறுவதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். நமது துறை அணிகளின் தேர்வு நாள்களில் இதே வாக்கியம் ஓர் இளைஞரின் வாழ்வாதாரத்தையே தீர்மானிக்கிறது.

இத்தீர்ப்பு பெரும்பாலும் அரைகுறையானது என்பதே என் வாதம். திருமணத் தரகர்கூட இரண்டு ஜாதகங்களைக் கேட்டு வாங்கித்தான் பொருத்தம் பார்க்கிறார். கூடைப்பந்துத் தேர்வாளர்களும் விமர்சகர்களும் ஒரே ஒரு ஜாதகத்தை விரித்து வைத்துக்கொண்டு பத்துப் பொருத்தமும் சொல்லிவிடுகிறார்கள். வீரரின் உயரம், அவர் எடுத்த புள்ளிகள், அவருடைய சான்றிதழ்கள் யாவும் மேசைமீது கிடக்கின்றன. அணியின் ஜாதகம் எங்கே? பயிற்சியாளரின் ஜாதகம் எங்கே? அவற்றை யாரும் கேட்பதில்லை. கேட்பவரை யாரும் விரும்புவதுமில்லை.

ஒன்று: பீன்யாவில் கேட்கப்படும் கேள்வி

நான் வசிக்கும் பீன்யாவில் 'பொருத்தம்' என்னும் சொல் அன்றாடத் தொழிற்சொல். 1970களில் உருவான இத்தொழிற்பேட்டையின் குறுக்குத் தெருக்களில் லேத்தும் மில்லிங்கும் ஓடும் சிறு பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம்மவர் பலர் அவற்றில் வேலை செய்கிறார்கள். அவர்களில் எவரிடமாவது ஒரு ஷாஃப்டைக் கொடுத்து "இது பொருந்துமா?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தத் துளைக்கு?" என்ற எதிர்க்கேள்விதான் முதலில் வரும். அடுத்த கேள்வி, "சுழல வேண்டுமா, இறுகி நிற்க வேண்டுமா?" என்பது.

பொறியியல் அட்டவணையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்று 25.000 முதல் 25.021 மில்லிமீட்டர் வரை அமையலாம். அதனுள் தடையின்றிச் சுழல வேண்டிய ஷாஃப்ட் 24.980 முதல் 24.993 வரை இருக்க வேண்டும். அதே துளையில் அழுத்திச் செலுத்தப்பட்டு அசையாமல் நிற்க வேண்டிய ஷாஃப்ட் 25.022 முதல் 25.035 வரை இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு தலைமயிரின் தடிமன்கூட இராது. இரண்டுமே குற்றமற்ற ஷாஃப்டுகள். இடம் மாற்றிப் போட்டால் ஒன்று கழன்று ஆடும். மற்றொன்று எந்திரத்தைப் பூட்டிவிடும். அப்போது எந்தப் பட்டறைக்காரரும் "இந்த ஷாஃப்டே மோசம்" என்று சொல்லமாட்டார். வரைபடத்தைத் தவறாகப் படித்தவரைத்தான் தேடுவார்.

இதில் மூன்று பாடங்கள் உள்ளன. பொருளின் தரம் வேறு, பொருத்தம் வேறு. பயன் இன்னதென்று தெரியாமல் பொருத்தத்தைப் பற்றிப் பேச முடியாது. மூன்றாவது பாடமே எனக்கு முக்கியமானது: இரு பொருள்களைப் பொருத்துவதற்கென்றே ஒரு தொழிலாளர் இருக்கிறார். அவர் பெயர் ஃபிட்டர். ஐ.டி.ஐ.யில் அதற்கென்று தனிப் பிரிவே உண்டு. அரத்தால் தேய்ப்பதும், மெல்லிய தகடு வைத்து இடைவெளியைச் சரிசெய்வதும், அச்சு நேராக நிற்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. கையில் கேஜை வைத்துக்கொண்டு 'போகும்', 'போகாது' என்று மட்டும் சொல்லும் இன்ஸ்பெக்டர் வேறொருவர். கூடைப்பந்துப் பயிற்சியாளரின் பணி ஃபிட்டரின் பணியை ஒத்தது. நாமோ அவரை இன்ஸ்பெக்டராக அமர்த்திவிட்டு, அவர் கழித்துப்போட்ட வீரரைப் பார்த்து 'பொருந்தாதவர்' என்கிறோம்.

உவமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை மறுக்கவில்லை. இரும்பு கற்றுக்கொள்ளாது, மனிதர் கற்றுக்கொள்வார். ஆனால் அந்த எல்லை என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. கற்றுக்கொள்ளாத இரும்புக்கே இரண்டு வரைபடங்களும் ஒரு ஃபிட்டரும் தேவைப்படுகின்றன என்றால், கற்றுக்கொள்ளும் மனிதருக்கு ஒற்றை அளவுகோலைக் கொண்டு தீர்ப்பெழுதுவது எவ்வளவு பெரிய அநீதி!

இரண்டு: ஒரே வீரர், ஒரே சீருடை, இரு தீர்ப்புகள்

கூடைப்பந்து உலகில் இதற்குச் சான்றுகள் ஏராளம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கழகத்தில் டுவைட் ஹோவார்டின் கதையைப் பாருங்கள். 2012 ஆகஸ்டில் அவர் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு வந்தார். கோபி பிரையன்ட், ஸ்டீவ் நாஷ், பாவ் கசோல் ஆகியோருடன் அவரும் சேர்ந்தபோது கோப்பை உறுதி என்றார்கள். ஐந்தே ஆட்டங்களில் பயிற்சியாளர் மைக் பிரவுன் நீக்கப்பட்டார். மைக் டி'ஆன்டோனி வந்தார். ஹோவார்ட் கூடைக்கு அருகே முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கி ஆட விரும்பினார். பந்து வைத்திருப்பவருக்குத் திரையிட்டுவிட்டுக் கூடையை நோக்கி விரையும் 'பிக் அண்ட் ரோல்' ஆட்டமே டி'ஆன்டோனிக்கு வேண்டியிருந்தது. அணி 45 வெற்றி, 37 தோல்வியோடு பருவத்தை முடித்து, முதல் சுற்றிலேயே சான் அன்டோனியோ ஸ்பர்ஸிடம் நான்கு ஆட்டங்களையும் இழந்தது. ஹோவார்ட் வெளியேறினார். 'லேக்கர்ஸுக்குப் பொருந்தாதவர்' என்ற முத்திரை அவர்மேல் குத்தப்பட்டது.

2019இல் அதே ஹோவார்ட் அதே லேக்கர்ஸுக்குத் திரும்பினார். பயிற்சியாளர் இப்போது ஃபிராங்க் வோகல். முதல் முறை ஆட்டத்துக்கு ஏறத்தாழ 36 நிமிடங்கள் ஆடி 17 புள்ளிகள் எடுத்தவருக்கு இம்முறை ஏறத்தாழ 19 நிமிடங்களும் 7 புள்ளிகளுமே. திரையிடு, ரீபவுண்ட் எடு, எதிரணியின் பெரிய வீரரைத் தடு: அவருக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை இவ்வளவுதான். 2020 அக்டோபரில் லேக்கர்ஸ் கோப்பையை வென்றது. புள்ளிகள் பாதிக்கும் கீழே இறங்கின, பொருத்தமோ உயர்ந்தது. எனவே புள்ளிக் கணக்கை எடுத்து வைத்துப் பொருத்தம் சொல்பவர்கள் எதைத்தான் அளக்கிறார்கள்?

இன்னொருவர், ஃபிரான்ஸ் நாட்டின் போரிஸ் டியாவ். 2011-12 பருவத்தில் சார்லட் பாப்கேட்ஸ் 66 ஆட்டங்களில் 7இல் மட்டுமே வென்றது. வெற்றி விகிதத்தில் என்.பி.ஏ. வரலாற்றின் மிகக் கீழான அணிகளுள் அது ஒன்று. அந்த அணியே அவரை வேண்டாமென்று விடுவித்தது. அவரை எடுத்துக்கொண்ட ஸ்பர்ஸ், 2014 இறுதித் தொடரின் மூன்றாம் ஆட்டம் முதல் அவரைத் தொடக்க ஐவரில் நிறுத்தி, மயாமி ஹீட்டை 4-1 என வென்று கோப்பையை எடுத்தது. புள்ளிக்காக எறிவதைவிடப் பந்தைக் கடத்துவதிலேயே நாட்டம் கொண்டவர் என்பது சார்லட்டில் அவர்மேல் சொல்லப்பட்ட குறை. பந்தைக் கடத்துவதையே ஆட்டத்தின் உயிராகக் கொண்ட கிரெக் போபோவிச்சின் அணியில் அக்குறையே அவருடைய தகுதியாயிற்று. மிக மோசமான அணிக்குப் பொருந்தாத ஒருவர் மிகச் சிறந்த அணிக்குப் பொருந்தினார். ஒற்றை ஜாதகக்காரர்கள் இதற்கு என்ன விளக்கம் தருவார்கள்?

மூன்று: பொருந்தாமை இல்லை என்று சொல்கிறேனா?

இல்லை. பொருந்தாமை உண்டு, அதை முன்கூட்டியே கணிக்கவும் முடியும். 2021இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் லேக்கர்ஸுக்கு வந்தபோது ஐயம் தெரிவித்தவர்கள் சரியான கேள்விகளைக் கேட்டார்கள். வெஸ்ட்புரூக்கின் வலிமை பந்து அவர் கையில் இருக்கும்போதுதான் வெளிப்படும். லெப்ரான் ஜேம்ஸின் வலிமையும் அப்படியே. ஆட்டத்தில் பந்து ஒன்றுதான். பந்து இல்லாத நேரத்தில் தொலைவில் நின்று மூன்று புள்ளி எறிந்து எதிரணியின் தடுப்பை விரித்துவைப்பவரே ஜேம்ஸுக்கு அருகில் தேவை. வெஸ்ட்புரூக்கின் தொலைதூர எறிதலோ பலவீனமானது. அந்தப் பருவத்தில் லேக்கர்ஸ் 33 வெற்றி, 49 தோல்வியோடு பிளேஆஃப் சுற்றுக்கே நுழையவில்லை. கோப்பை வென்று தந்த அதே வோகல் வேலையிழந்தார்.

கவனியுங்கள். இங்கே கணிப்பு சரியானதற்குக் காரணம், கணித்தவர்கள் இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். "வெஸ்ட்புரூக் மோசமானவர்" என்று அவர்கள் சொல்லவில்லை. "இந்த வேலைக்கு, இந்த நால்வரோடு, இந்தக் காரணத்தால் இடிக்கும்" என்றார்கள். இடிக்கும் இடத்தைச் சுட்டிச் சொல்வது மதிப்பீடு. சுட்டாமல் சொல்வது வெறும் வம்பு. நம்மூரில் நடப்பதில் பெரும்பங்கு இரண்டாவது வகை.

நான்கு: சத்னாம் சிங்கின் பெயரால் சொல்லப்படும் பொய்

பஞ்சாபின் பல்லோ கே என்னும் சிற்றூரில் பிறந்து, லூதியானா பயிற்சியகத்தில் வளர்ந்து, 2010இல் ஃபுளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குச் சென்றவர் சத்னாம் சிங். 7 அடி 2 அங்குல உயரம். 2015 ஜூன் 25 அன்று டல்லஸ் மாவெரிக்ஸ் அவரை 52ஆம் தேர்வாக எடுத்தது. என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் அவரே. டெவலப்மென்ட் லீகின் டெக்சாஸ் லெஜண்ட்ஸ் அணியில் இரு பருவங்கள் ஆடினார். கிடைத்த நிமிடங்கள் மிகக் குறைவு. என்.பி.ஏ. ஆட்டமொன்றில் அவர் களமிறங்கவே இல்லை.

அதன்பின் நம் நாட்டில் எழுந்த முடிவுரை யாது? "இந்தியர்கள் அந்த ஆட்டத்துக்குப் பொருந்தமாட்டார்கள்." ஒரு தனிமனிதர் ஓர் இடத்தில் ஓரிரு ஆண்டுகள் சந்தித்த சூழல் ஒரு நாட்டின் உடற்கூறாக மாறிவிட்டது.

அந்த 2015 ஜூன் மாதத்தைச் சற்றே திரும்பிப் பாருங்கள். ஜூன் 11 அன்று, என்.பி.ஏ. இறுதித் தொடரின் நான்காம் ஆட்டத்தில், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் தம் 7 அடி சென்டர் ஆண்ட்ரூ போகட்டைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்துவிட்டு 6 அடி 6 அங்குல ஆண்ட்ரே இக்வடாலாவை நிறுத்தினார். உயரத்தை விட்டு வேகத்தையும் தொலைதூர எறிதலையும் தேர்ந்தார். ஜூன் 16 அன்று வாரியர்ஸ் கோப்பையை வென்றது. இக்வடாலா தொடரின் சிறந்த வீரரானார். அடுத்த சில ஆண்டுகளில் கழகம் முழுவதும் அவ்வழியே நடந்தது. கூடையடியில் நிற்கும், மெல்ல நகரும் பெரிய வீரரின் இடம் ஆண்டுக்காண்டு சுருங்கியது. வாரியர்ஸ் கோப்பையை ஏந்திய ஒன்பதாம் நாள், அப்படியொரு பெரிய வீரராக வளர்க்கப்பட்ட பத்தொன்பது வயது இளைஞர் அக்கழகத்தின் வாயிலில் வந்து நிற்கிறார். துளையின் அளவே அப்போதுதான் மாறிக்கொண்டிருந்தது.

சத்னாமுக்கு எந்தக் குறையும் இல்லை என்று நான் வாதாடவில்லை. வேகம் போதவில்லை, பிறருக்குச் சமமான ஆட்ட அனுபவம் இல்லை என்பன நியாயமான கூற்றுகளே. ஆனால் பதினான்கு வயதுச் சிறுவனிடம் அவன் உயரத்தை மட்டுமே கண்டு, 'கூடையடியில் நில்' என்று மட்டும் கற்பித்தவர்கள் யார்? வெளியே வந்து எறியவும் பந்தைக் கடத்தவும் பக்கவாட்டில் நகர்ந்து தடுக்கவும் நம் பயிற்சியகங்களில் உயரமான பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுகிறதா? 'சத்னாம் பொருந்தவில்லை' என்ற வாக்கியத்தில் எழுவாய் இடம் மாறியிருக்கிறது. நாம் தந்த பயிற்சியே மாறிவரும் ஆட்டத்துக்குப் பொருந்தவில்லை. அதைச் சொல்ல நம் சங்கங்களுக்கு நா எழாது; வீரர்மேல் ஏற்றிவிடுவது எளிது.

ஐந்து: சோதித்துப் பார்ப்பது எப்படி?

பொருத்தத்தை அறிய நேர்மையான வழி, சேர்ந்து ஆடிப் பார்ப்பதுதான். அமிர்தபால் சிங் 2017இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணியில் சேர்ந்தது அப்படித்தான். சீனாவில் நடந்த அட்லஸ் சேலஞ்ச் போட்டியில் அவ்வணியோடு சேர்ந்து ஆடும் வாய்ப்பு அவருக்குத் தரப்பட்டது. பயிற்சியாளர் ஆண்ட்ரூ கேஸின் கண்முன், எதிர்காலத் தோழர்களுடன், உண்மையான எதிரணிக்கு எதிராக ஆடினார். அதன்பின்தான் ஒப்பந்தம். ஆஸ்திரேலியத் தேசியக் கூடைப்பந்துக் கழகத்தில் ஆடிய முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்கு வாய்த்தது. அங்கே அவர் காலம் ஒரு பருவத்தோடு முடிந்தது என்பது உண்மை. ஆயினும் 'எடுத்துக்கொள்வோம்' என்ற முடிவும் 'போதும்' என்ற முடிவும் ஆட்டத்தின்மேல் நின்று எடுக்கப்பட்டவை; உயரத்தைப் பார்த்தோ நாட்டைப் பார்த்தோ எடுக்கப்பட்டவை அல்ல.

இதற்கு நேர்மாறாகக் கீது அன்னா ஜோஸை எண்ணிப் பாருங்கள். கேரளத்தில் பிறந்து தெற்கு ரயில்வேக்காக ஆடியவர். இந்திய மகளிர் அணியின் தலைவியாக இருந்தவர். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணியில் ஆடி அனுபவம் பெற்றவர். 2011இல் அமெரிக்க மகளிர் கழகமான டபிள்யூ.என்.பி.ஏ.வின் மூன்று அணிகள் அவரைத் தகுதித் தேர்வுக்கு அழைத்தன. ஆசியாவில் அவர் சென்டர். 6 அடி 2 அங்குல உயரத்தோடு அமெரிக்காவில் சென்டராக நிற்பது கடினம். வெளிப்புறத்தில் ஆட வேண்டும். ஆண்டுக் கணக்கில் ஓரிடத்தில் ஆடியவர் வேறோர் இடத்துக்கு மாற ஒரு பருவமாவது வேண்டும். தகுதித் தேர்வின் சில நாள்களில் அது எப்படி இயலும்? அவர் சேர்க்கப்படவில்லை என்பது செய்தி. அவர் பொருந்தமாட்டார் என்பது அச்செய்தியிலிருந்து பெறப்படாத முடிவு. அழைப்பைப் பெற்றதே அரும்பெரும் செயல் என்று பாராட்டிவிட்டு, அந்த மாற்றத்துக்கு அவரை ஆயத்தம் செய்ய நாம் எதுவுமே செய்யவில்லை என்பதை மறந்துவிட்டோம்.

ஆறு: 40 மதிப்பெண்ணில் 25

வெளிநாட்டுக் கதைகள் போதும். நமக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். இந்தியாவில் பெரும்பாலான கூடைப்பந்து வீரர்களுக்கும் வீராங்கனைகளுக்கும் தொழில்முறைக் கழகம் என்பது எட்டாக் கனவு. ரயில்வே, வங்கிகள், வருமான வரித்துறை, பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீடே அவர்களின் சோறு. சென்னையிலும் பெங்களூரிலும் இந்த ஆட்டம் உயிரோடு இருப்பதற்கு அந்த ஒதுக்கீட்டுக்கு நாம் நன்றி சொல்லியாக வேண்டும்.

ஆனால் அங்கே பொருத்தம் எப்படிப் பார்க்கப்படுகிறது? ரயில்வே வெளியிட்டு வந்த அறிவிப்புகளைப் படித்தவர்கள் அறிவார்கள். களத் தேர்வுக்கு 40 மதிப்பெண், விளையாட்டுச் சாதனைகளுக்கு 50, கல்விக்கு 10. களத் தேர்வின் 40இல் ஆட்டத் திறன், உடல் தகுதி, பயிற்சியாளரின் கணிப்பு எல்லாம் அடங்கும். அதில் 25 அல்லது அதற்கு மேல் பெற்றவர் 'ஃபிட்', பெறாதவர் 'அன்ஃபிட்'. ஆம், அதே சொல்தான். எந்த அணிக்கு ஃபிட்? எந்த வேலைக்கு? எந்த நால்வரோடு? சில அறிவிப்புகள் ஆடுமிடத்தையாவது குறிப்பிடுகின்றன. அது நல்ல வழக்கம். ஆயினும் தேர்வாகிறவர் யாரோடு ஆடப்போகிறாரோ அவர்களோடு ஆடிப் பார்க்க அந்த முறை எங்கும் வலியுறுத்தவில்லை. முன்பின் அறியாத பத்துப் பேரை இரு அணிகளாகப் பிரித்து ஆடவிட்டால், பந்தைக் கடத்துகிறவர் தோற்பார். தானே எறிந்து புள்ளி சேர்க்கிறவர் வெல்வார். தடுப்பாட்டத்தில் இடம் பார்த்து நின்று தோழரைக் காப்பாற்றுகிறவர் எந்தக் கண்ணிலும் படமாட்டார். டியாவ் போன்ற ஒருவர் இந்தத் தேர்வுக்கு வந்திருந்தால் 25ஐத் தொட்டிருப்பாரா?

இதைவிடப் பெரிய முரண் ஒன்றுண்டு. என்.பி.ஏ. ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கானது. நம் வேலையோ ஓய்வு பெறும் வயதுவரை. தேர்வு நாளில் அமர்ந்திருக்கும் பயிற்சியாளர் சில ஆண்டுகளில் மாறிவிடுவார். மாறிவிடப் போகிறவரின் ரசனைக்கு ஒருவர் பொருந்துகிறாரா என்று பார்ப்பதில் என்ன பொருள் இருக்கிறது? குறுகிய கால ஒப்பந்தத்தில்தான் குறிப்பிட்ட பயிற்சியாளரோடும் குறிப்பிட்ட வேலையோடும் உள்ள பொருத்தம் முதன்மை பெற வேண்டும். நெடுங்காலப் பணியிலோ, எத்தனை வகை வேலைகளைக் கற்றுக்கொள்ளும் விரிவு அவரிடம் உள்ளது என்பதே பார்க்கப்பட வேண்டும்.

சென்னையின் அனிதா பால்துரையை இதற்குச் சான்றாகக் காட்டுவேன். 2001 முதல் 2017 வரை தொடர்ந்து ஒன்பது ஆசியப் போட்டித்தொடர்களில் இந்தியாவுக்காக ஆடியவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். அக்கால அளவில் இந்தியர், அமெரிக்கர், ஸ்பானியர், செர்பியர் எனப் பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். 2017 ஜூலையில் இதே பெங்களூரில், செர்பியரான ஜோரான் விசிச்சின் பயிற்சியில், இந்திய மகளிர் ஆசியக் கோப்பையின் பி பிரிவு இறுதியாட்டத்தில் கசகஸ்தானை 75-73 என வென்றபோதும் அனிதா அணியில் இருந்தார். ஒரு பயிற்சியாளருக்குப் பொருந்தியவர் என்று அவரை எடுத்திருந்தால், அடுத்தவர் வந்ததும் அவர் கதை முடிந்திருக்க வேண்டும்.

அதே பெங்களூரில் 2019 செப்டம்பரில், உயர்நிலையான ஏ பிரிவில், இந்திய அணி எட்டு அணிகளுள் எட்டாவதாக முடிந்தது. எதிரணியின் தரமும் பொருத்தக் கணக்கில் ஒரு பகுதி என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் காட்டின. அதையும் வீராங்கனைகளின் தலையில் கட்டியவர்களை நான் அறிவேன்.

ஏழு: எதிர்வாதங்கள்

"பயிற்சியாளருக்கு நேரம் இல்லை, ஆயத்தமான வீரர்தான் வேண்டும்" என்பார்கள். வோகலுக்கும் நேரம் இருக்கவில்லை. அவர் ஹோவார்டை மாற்றி வார்க்கவில்லை, அவருக்குரிய வேலையைச் சுருக்கித் தெளிவாகச் சொன்னார். ஒரு வேலையைத் தெளிவாகச் சொல்ல எத்தனை மாதங்கள் வேண்டும்?

"வீரர்தான் பயிற்சியாளருக்கு ஏற்ப மாற வேண்டும், இல்லையேல் ஒழுங்கு கெடும்" என்பார்கள். மாறட்டும். எதற்கு ஏற்ப மாற வேண்டும் என்பதை யாராவது அவரிடம் சொன்னார்களா? கேள்வி கேட்காத வீரரே நல்ல வீரர் என்னும் நம் பழக்கத்தில், 'பொருந்துகிறார்' என்பது பல நேரம் 'வாய் திறவாதவர்' என்பதன் மறுபெயராகவே இருக்கிறது. வணக்கம் சொல்லும் பணிவை ஆட்டத் தகுதியாக எண்ணும் வரையில் நாம் பொருத்தம் பார்க்கவில்லை, அடக்கம் பார்க்கிறோம்.

"உயர்ந்த திறமை எங்கும் பொருந்தும்" என்பது மூன்றாவது வாதம். மேலே சொன்ன 2012 லேக்கர்ஸும் 2021 லேக்கர்ஸும் அதற்கு விடை.

எட்டு: எழுதிக் கொடுங்கள்

என் கோரிக்கை எளியது. ஒரு வீரரையோ வீராங்கனையையோ 'பொருந்தமாட்டார்' என்று சொல்லும் தேர்வாளர், பயிற்சியாளர், விமர்சகர் எவராயினும் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

1. களத்தில் அவருக்கு நீங்கள் தர எண்ணிய வேலை எது? ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்.

2. எந்த நால்வரோடு அவர் நிற்க வேண்டும்? அவர்களோடு அவரை ஆடவிட்டுப் பார்த்தீர்களா? எத்தனை நிமிடங்கள்?

3. எந்த இடத்தில் இடிக்கிறது? எறிதலா, தடுப்பா, வேகமா, பந்து கையாளுதலா?

4. அந்த இடைவெளி கற்பித்தால் மூடக்கூடியதா? அதற்கு எவ்வளவு காலம் வேண்டும்? அதை யார் கற்பிப்பார்?

5. உங்கள் பக்கத்தில் எதை மாற்றிக்கொள்ள முன்வந்தீர்கள்?

நான்கு கேள்விகளுக்கு விடை எழுதக்கூடியவர்களும் ஐந்தாவதில் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்விதான் பயிற்சியாளரை மதிப்பிடுகிறது. வீரர்களுக்கு ஆண்டுதோறும் தேர்வு உண்டு. அவர்களைக் கழித்தவர்களின் கணிப்பு எத்தனை முறை சரியாயிற்று, எத்தனை முறை தவறியது என்று எந்தச் சங்கம் கணக்கு வைத்திருக்கிறது? பீன்யாவின் சிறு பட்டறையில்கூட, கழிக்கப்பட்ட ஒவ்வொரு உருப்படிக்கும் காரணம் எழுதிய சீட்டு தொங்கும். எந்த அளவு, எவ்வளவு விலகல், எந்த எந்திரத்தில் உருவானது என்று அதில் இருக்கும். அடுத்த நாள் எந்திரத்தைத் திருத்துவதற்காகவே அந்தச் சீட்டு.

இருபது வயதில், பையில் சான்றிதழ்களோடு இரவு ரயிலேறி வந்து, ஒரு நாள் ஆடிவிட்டு, 'அன்ஃபிட்' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்புகிறார்கள் நம் பிள்ளைகள். பலர் அதன்பின் பந்தைத் தொடுவதே இல்லை. ஓர் இரும்புத் துண்டுக்கு நாம் தரும் சீட்டை அவர்களுக்கும் தாருங்கள்.